வாசிகசாலை அலுமாரிக்கு

டொரன்டோ

அன்புள்ள தம்பிக்கு,

இஞ்ச எல்லாரும் சுகம். அம்மாவின்ர கால்நோ எப்பிடி எண்டு அடுத்த கடிதத்தில எழுது.

வாசிகசாலைக்கு என்ன புத்தகம் வாங்கலாம் எண்டு கேட்டிருந்தாய். அதுக்கு முதல் இந்த ஊர் நூலகத்தைப் பற்றிச் சொல்லவேணும். பனிக்காலம் முழுக்க வீட்டுக்குள்ளதான் சீவியம். வெளிய போய்க் காசில்லாமல் இருக்கக்கூடிய சூடான இடம் நூலகம் ஒண்டுதான். நகர நூலகத்துக்கு 100 கிளை. அட்டைக்குக் காசில்லை. ஒரே தரத்தில 50 எடுக்கலாம், தவணை மூண்டு கிழமை. பிந்தினால் கட்டுற குற்றப்பணத்தை 2022 இல எடுத்துப்போட்டினம்; தொலைச்சால்தான் விலை கட்டவேணும். ஸ்காபரோப் பக்கக் கிளைகளில தமிழுக்கெண்டு தனி அடுக்கு இருக்கு. நீங்களும் குற்றப்பணத்தை விடுங்கோ. அஞ்சு ரூபாவுக்குப் பயந்து புத்தகத்தைத் திருப்பித் தராத பிள்ளை, வாசிகசாலைக்கும் திரும்பி வராது.

இனிப் புத்தகம். எல்லாரும் விடுற பிழை, தடிச்ச நாவலை முன்னுக்கு அடுக்கிறது. பிள்ளை முப்பது பக்கத்தோட மூடி வைக்கும். மஹாகவியின்ர ‘குறும்பா’ கவிதைப் புத்தகத்தில தொடங்கு. அளவெட்டிக்காரன், 1966 இல வந்தது. ஒவ்வொண்டும் அஞ்சு வரி, கடைசி வரியில குத்து இருக்கும். சத்தமாய் வாசிச்சால்தான் அந்த ஓசை பிடிபடும், ஆனபடியால் பத்து வயசுப் பிள்ளையளை வட்டமாய் இருத்தி வாசிக்க விடு. மெல்லிய புத்தகம், கெதியாக் கிழியும். ரெண்டு பிரதி வை.

அடுத்தது அ. முத்துலிங்கத்தின்ர சிறுகதைகள். கொக்குவிலில பிறந்து கன காலமாய் இஞ்ச கனடாவில இருக்கிறவர். வசனம் சின்னன், தடக்காது. ‘மகாராஜாவின் ரயில் வண்டி’ தொகுப்பு முதல் வாங்கக் காணும்.

மூண்டாவதாக் கே. டானியலின்ர ‘பஞ்சமர்’ நாவல். இதை வைக்க வேண்டாம் எண்டு யாராவது சொல்லுவினம், அதுக்காகவே வை. எங்கட ஊர்ச் சாதிக் கொடுமையை அடிபட்டவன் பக்கமிருந்து எழுதினது. மெருகு பார்க்கிறவைக்குக் கரடுமுரடாய்த் தெரியும். எனக்கு அந்தக் கரடுமுரடு பிடிக்கும். ஆக்கள் கூட, பேர் குழம்பும். பின் அட்டைக்குள்ள ஒரு வெள்ளைத்தாள் ஒட்டி, ஆர் ஆருக்கு என்ன முறை எண்டு வாசிக்கிறவையையே எழுதச் சொல்லு.

கவிதையில ரெண்டைப் பக்கத்தில பக்கத்தில வை: ‘மரணத்துள் வாழ்வோம்’ (1985, 31 கவிஞர்கள்), ‘சொல்லாத சேதிகள்’ (1986, முழுக்கப் பெண்கள்). ஒரே காலம்தான், ஆனால் வீட்டுக்குள்ளயிருந்து பார்த்தால் போர் வேற மாதிரி. முதலாவதை மட்டும் வாசிச்சவைக்கு அது விளங்காது.

ஆங்கிலம் படிக்கிற பெட்டையளுக்கு வி. வி. கணேசானந்தனின்ர ‘பிரதர்லெஸ் நைட்’. எண்பதுகளின்ர யாழ்ப்பாணம், டொக்டராக வர விரும்புற பிள்ளை தன்ர வாயால சொல்லுற கதை. 2024 இல பெண்களுக்கான புனைகதைப் பரிசு கிடைச்சது. ஆங்கிலம் நேராய் இருக்கும், அகராதி அடிக்கடி தேவைப்படாது.

அச்சில இல்லாததுக்குக் கடை கடையாய் அலையாதை. 2005 இல தொடங்கின ‘நூலகம்’ எண்ட இணையத்தளத்தில ஈழத்துப் பழைய புத்தகங்களும், மல்லிகை, சிரித்திரன் மாதிரிச் சஞ்சிகைகளும் சும்மா இறக்கலாம். தலைப்பால தேடிக் கிடைக்காட்டில் ஆசிரியர் பேரால தேடு. போனில வாசிக்கேலாது, ஸ்கான் பண்ணின பக்கம், பெருப்பிச்சால் வரி திரையை விட்டு ஓடிப்போகும். வாசிகசாலைக் கொம்பியூட்டரில இறக்கி வை.

அலுமாரியைச் சுவரோட ஒட்டி வையாதை, நாலு விரல் இடைவெளி விடு. மாரியில சுவர் ஈரம் இழுக்கும், முதல் பூஞ்சணம் பிடிக்கிறது பின் வரிசையைத்தான். நெருக்கி அடுக்கினாலும் காத்துப் போகாது, இழுத்து எடுக்கேக்க முதுகும் கிழியும். பிளாஸ்டிக் உறையால இறுக்கி மூடாதை, உள்ள வேர்க்கும்; பிறவுண் பேப்பர் காணும். மாரி முடிஞ்ச கையோட எல்லாத்தையும் இறக்கி, வெயிலில இல்லை, நிழலில விரிச்சுக் காத்துப்பட வை. பக்கங்களில சுரண்டின மாதிரித் தடம் கண்டால் அது இராமபாணப் பூச்சி. அந்தப் புத்தகத்தை உடன வேற பெட்டியில போடு.

இருக்கிற புத்தகங்களின்ர பட்டியலை முதல் அனுப்பு. அதைப் பாத்துத்தான் இஞ்சயிருந்து பெட்டி கட்டுவன்.

அன்புடன்,
அக்கா