துருப்பிடித்த கல்லை வீசாதே, அம்மணி

அன்புள்ள அம்மணிக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் நலம். அம்மாவுக்கு மட்டும் இந்த மழை ஈரத்தில் முழங்கால் கொஞ்சம் படுத்துகிறது. பருப்புப் பொடியும் நல்லெண்ணெயும் பார்சல் போடுகிறாள், அதோடு இந்தக் கடிதத்தையும் வைக்கச் சொன்னேன். போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய்.

தோசைக்கல்லை வீசாதே. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். "துருப்பிடிச்சிருச்சுப்பா, தூக்கிப் போட்டுட்டு நான்ஸ்டிக் ஒண்ணு வாங்கிக்கறேன்" என்று போட்டோவுக்குக் கீழே எழுதியிருந்தாய். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் பொடிப் பொடியாக இருக்கிறது, நடுவில் கருப்பு அப்படியே நிற்கிறது. அது மேல்துரு. ஒரு மணி நேர வேலை. வார்ப்பு இரும்பில் விரிசல் விட்டால்தான் கதை முடிந்தது, துருவுக்காக ஒரு கல்லை யாரும் வீசுவதில்லை.

ராத்திரி தோசை சுட்டுவிட்டு சிங்க்கில் போட்டு, தண்ணீரையும் திறந்துவிட்டுப் படுக்கப் போயிருப்பாய். வேலை முடித்து வரும்போதே பத்து மணி ஆகிவிடும், தெரியும். ஆனாலும் தண்ணீரில் ஊறப் போடாதே. புனேயில் ஜூன் பிடித்து செப்டம்பர் வரை மழை. அந்த ஈரத்தில் வெறுமனே வைத்தாலே இரும்பு பூக்கும், தண்ணீரில் கிடந்தால் கேட்கவே வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கம்பி நாரை எடுத்துக் காய்ந்த கல்லிலேயே தேய். மேல்பொடி உதிர்ந்துவிடும். அப்புறமும் திட்டுத் திட்டாக நின்றால் வினிகரும் தண்ணீரும் சம பங்கு கலந்து ஊற்றி அரை மணி வை. அதற்கு மேல் வேண்டாம், துரு போனபின் வினிகர் இரும்பையே தின்னும். கழுவின கையோடு அடுப்பில் வைத்துக் காய வை. துணியால் துடைத்தால் போதும் என்று நினைக்காதே. தேய்த்த இரும்பு வெறும் உடம்போடு இருக்கிறது, நீ துணியை எடுத்துக்கொண்டு வருவதற்குள் மறுபடி சிவக்க ஆரம்பித்துவிடும். அடுப்புச் சூட்டில்தான் காய வேண்டும்.

சூடு இருக்கும்போதே எண்ணெய் தடவு. இங்கேதான் எல்லோரும் கெடுக்கிறார்கள். நிறையத் தடவினால் நன்றாகப் பழகும் என்று ஊற்றுகிறார்கள், அது பிசுபிசுவென்று கோந்தாகி நின்றுவிடுகிறது. தடவு, பிறகு தடவவே இல்லை என்பதுபோல் பழைய பருத்தித் துணியால் துடைத்து எடு. மினுமினுப்பு மட்டும் மிஞ்ச வேண்டும். அப்புறம் புகை வரும்வரை சூடேற்று. அந்தச் சூட்டில் எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகி, இரும்பின் மேல் மெல்லிய தோலாகப் பிடித்துக்கொள்கிறது. தோசை ஒட்டாமல் வருவது அந்தத் தோலால்தான். ஆற விட்டு இன்னொரு முறை, மறுபடி ஒரு முறை. ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள். ஜன்னலைத் திறந்து வை, புகை வரும்.

உன் அமுச்சி காலத்தில் வடிகஞ்சியில் நாலைந்து நாள் ஊற வைத்து, தினம் கஞ்சியை மாற்றிப் பழக்குவார்கள். அதுவும் நல்ல முறைதான், புதுக் கல்லில் இருக்கும் மணலும் கரியும் கழன்றுவரும். உனக்குக் குக்கர் சோறு, வடிகஞ்சிக்கு எங்கே போவாய்? எண்ணெய் முறையே போதும். கல்லை அனுப்புவதற்கு முன் அம்மா அதைக் கஞ்சியில் போட்டு, வெங்காயத்தைப் பாதியாக நறுக்கி முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தொட்டுத் தொட்டுத் தேய்த்து, முதல் நாலு தோசையைக் காக்காய்க்குப் போட்டுத்தான் அனுப்பினாள். அடித்தளம் இருக்கிறது. நீ புதிதாகத் தொடங்கவில்லை.

இந்தக் கல் கோயம்புத்தூர் கணபதியில் நம் சிநேகிதர் பவுண்டரியில் ஊற்றியது. அச்சை நான்தான் கட்டினேன். வேலையை விட்டபின் கை மறந்திருக்குமோ என்று நினைத்தேன், மறக்கவில்லை. நீ பத்தாவது படிக்கும்போது ஒரு நாள் பவுண்டரிக்கு வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? எல்லோரும் உருகின இரும்பைத்தான் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். நீ மணல் குவியலுக்குப் போனாய். நான் செய்வதைப் பார்த்துவிட்டு ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் இறுக்கி, இரண்டாக உடைத்துப் பார்த்தாய். உடைந்த விளிம்பு பிசிறில்லாமல் நின்றது. விரல் ரேகை மணலில் பதிந்திருந்தது. "ஈரம் சரியா இருக்குப்பா" என்றாய். பக்கத்தில் நின்ற மேஸ்திரி, "இது உங்க கைதான்" என்றார். நம் வீட்டில் முதல் இன்ஜினியர் நீ. உன் அலுவலகத்தில் உன் கீழே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் அப்படிச் சொல்வதில்லை. இந்த மணல் கதையைத்தான் சொல்வேன்.

அந்தக் கை வைத்துக்கொண்டு கல்லை சிங்க்கில் போடலாமா?

சுடச்சுட இருக்கும்போது பச்சைத் தண்ணீரும் ஊற்றாதே. உருக்கில், அதாவது ஸ்டீலில், கார்பன் பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் கீழே. வார்ப்பு இரும்பில் மூன்று சதவீதத்துக்கு மேல் போகும். உருகி ஆறும்போது அதில் பெரும்பகுதி கிராஃபைட் செதில்களாக உள்ளே பிரிந்து நிற்கிறது. அந்தச் செதில் இருக்கும் இடமெல்லாம் விரிசலுக்கு வழி. அதனால்தான் தகட்டுக் கல் கீழே விழுந்தால் நெளிகிறது, வார்ப்புக் கல் உடைகிறது. 1300 டிகிரிக்கு மேல் அச்சில் ஊற்றும்போது தாங்குகிற இரும்புதான். அதை நாங்கள் மணலுக்குள்ளேயே மெதுவாக ஆற விடுகிறோம். குழாயைத் திறந்து சடாரென்று குளிர வைத்தால் ஒரு பக்கம் சுருங்கும், ஒரு பக்கம் சுருங்காது, 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.

இப்போது அங்கே இண்டக்சன் அடுப்புதான் இருக்கிறது என்று போட்டோவில் தெரிந்தது. பரவாயில்லை, வார்ப்பு இரும்பு இண்டக்சனில் நன்றாகவே சூடாகும். ஆனால் எடுத்த எடுப்பில் 1800 வாட்டில் வைக்காதே. அடியில் சுருள் இருக்கும் வட்டம் மட்டும் வேகமாகச் சூடேறும், ஓரம் குளிர்ந்தே கிடக்கும், கல் வளையவோ வெடிக்கவோ வாய்ப்பு. குறைவில் ஐந்து நிமிடம் வை, அப்புறம் கூட்டு. வார்ப்பு இரும்பு சூட்டை மெதுவாகத்தான் பரப்பும். பரப்பிய பிறகு விடாது, ஒவ்வொரு தோசைக்கும் ஒரே சூடு கொடுக்கும். தண்ணீர் தெளித்தால் துளி உருண்டு ஓடும்போது கல் ரொம்பக் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். தணித்துவிட்டு ஊற்று. அடுப்பின் கண்ணாடி மேல் கல்லை இழுக்காதே, தூக்கி வை. அடுப்பு வீட்டுக்காரருடையது என்றால் இன்னும் கவனம். அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள்.

மேடை சுத்தமாக இருந்தது. ஒரு தட்டு, ஒரு டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தாய். அம்மா ரொம்ப நேரம் அந்தப் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல் வேண்டும் என்று கேட்டபோது ஒன்பது அங்குலம் போதும் என்றாய். அம்மா பன்னிரண்டு ஊற்றச் சொன்னாள். "கேட்டதைக் கொடுப்போம்" என்று நான் ஒன்பதே ஊற்றினேன். விலாசமும் புனேயில் பழைய கோத்ருட் இல்லை, ஹடப்சர் என்று இருந்தது. எழுதிக்கொண்டேன். எதற்கு என்று கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்துகொண்டிருந்தவள் இப்போது "பிஸிம்மா" என்று ஒரு வரி போடுகிறாய், அதையும் கேட்கவில்லை. ஆனால் பெற்றவளுக்கு ஒரு வரி போதுமா, அம்மணி? உனக்குப் பேச வராவிட்டால் பேச வேண்டாம். போனை மேடை மேல் சாய்த்து வைத்துவிட்டு தோசை சுடு. அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கல்யாணத்துக்கு நான் ஊற்றிக் கொடுத்த பெரிய கல் எங்கே என்று அவள் கேட்கக் கிளம்பினாள். நான்தான் தடுத்தேன். அந்தக் கல் அங்கேயே இருக்கட்டும். அதற்காக நீ யாருக்கும் போன் போட வேண்டாம், அந்த வாசலுக்குப் போய் நிற்கவும் வேண்டாம். இரும்புக்கு இங்கே பஞ்சமில்லை. எனக்குக் கையும் இருக்கிறது. எத்தனை கல் வேண்டுமானாலும் ஊற்றித் தருவேன்.

சரி. உடம்பைப் பார்த்துக்கொள். பொங்கலுக்கு வந்தபோது ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஒன்பது என்று வந்ததே, மறுபடி பார்த்தாயா? பன்னிரண்டுக்குக் கீழே போனாலே சோகை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு ஐம்பத்து மூன்று பேருக்கு அது இருக்கிறது என்று வந்தது. எல்லோருக்கும் இருப்பதால் அது சாதாரணம் ஆகிவிடாது. எத்தியோப்பியாவில் இரும்புப் பாத்திரத்தில் சமைத்துச் சாப்பிட்ட குழந்தைகளுக்கு, அலுமினியப் பாத்திரத்தில் சாப்பிட்ட குழந்தைகளைவிடச் சோகை குறைந்தது என்று 1999-இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வந்தது. இரும்பு கொஞ்சம் சாப்பாட்டில் இறங்கத்தான் செய்கிறது. ஆனால் தோசை கல்லில் கிடப்பது ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அதில் பெரிதாக இறங்காது. தக்காளி, புளி போட்டு ரொம்ப நேரம் கொதிக்க வைத்தால் நிறைய இறங்கும், கூடவே நீ கஷ்டப்பட்டுப் பழக்கிய தோலையும் அது அரித்துவிடும், குழம்பும் கறுத்து இரும்பு வாடை அடிக்கும். அதனால் இந்தக் கல்லில் தக்காளித் தொக்கு, புளி எதுவும் வேண்டாம். மாத்திரையை நிறுத்தாதே. கல் இருக்கிறதே என்று மாத்திரையை விட்டுவிடாதே. சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதே, டீ இரும்பைச் சேர விடாது. தோசைக்குப் பதில் ராத்திரியில் பிஸ்கட்டும் டீயுமாக முடிப்பவள் நீ, காலேஜிலிருந்தே அப்படித்தான்.

சோப்பு போடலாமா என்று கேட்டிருந்தாய். பழகின கல்லுக்குக் கொஞ்சம் சோப்பு ஒன்றும் செய்யாது. சோப்பு கெடுக்கும் என்பது சோடாக்காரம் நிறையப் போட்ட சோப்புகளின் காலத்துப் பேச்சு. தேவைப்படும்போது போடு, உடனே கழுவு, அடுப்பில் காய வை, ஒரு சொட்டு எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு வை. ஊறப் போடாதே. திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று கோபப்படாதே.

முதல் சில நாள் தோசை ஓரம் பிடிக்கும், கிழியும். சப்பாத்தி போடு, வெங்காயம் வதக்கு, எண்ணெய் கொஞ்சம் கூடவே விட்டு ஊத்தப்பம் சுடு. தினம் அடுப்பு ஏறினால் கல் தானாகப் பழகும். வாரத்துக்கு ஒரு நாள் எடுப்பதென்றால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்துதான்.

கோயம்புத்தூரிலிருந்து குர்லா வண்டி புனே வழியாகத்தான் போகிறது. அம்மாவுக்கு லோயர் பெர்த் கிடைத்தால் போதும், முழங்காலைச் சமாளித்துக்கொள்வாள். தீபாவளிக்கு நெருக்கத்தில் டிக்கெட் கிடைக்காது, முன்னாலேயே போட வேண்டும். உனக்கு லீவு எல்லாம் போட வேண்டாம், நீ வேலைக்குப் போய்வா, நாங்கள் வீட்டில் இருந்துகொள்கிறோம். கோலாப்பூர் பவுண்டரிகளைப் பற்றி ரொம்ப நாளாகக் கேள்விப்படுகிறேன், ஒரு நாள் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வருவேன். ஹடப்சரில் இடம் சின்னது என்றாலும் பாய் விரித்துக்கொள்வோம். எந்தத் தேதி தோது என்று மட்டும் செய்தி போடு, நான் டிக்கெட் போடுகிறேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: நல்லெண்ணெய் பாட்டில் மூடியைச் சுற்றி அம்மா டேப் ஒட்டியிருக்கிறாள், கத்தியால் கீறாமல் பிரி. தேய்த்து முடித்ததும் கல்லைப் போட்டோ எடுத்து அனுப்பு. அடிப்பக்கமும் சேர்த்து.