பொடிசுகளோடு பேஸ்பால் மைதானத்துக்கு: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் பிறந்து பேஸ்பால் சீசன் வந்துவிட்டால், நியூ ஜெர்சி எடிசனில் உள்ள எங்கள் கடையில் அடிக்கடி காதில் விழும் கேள்வி: "ஒன்றரை வயசுக் குழந்தையை மெட்ஸ் (நியூயார்க் பேஸ்பால் அணி) ஆட்டத்துக்குக் கூட்டிட்டுப் போறோம், என்னென்ன வாங்கணும்?" எங்களிடம் வாங்க வேண்டியது ஒரே ஒரு பொருள்தான். அதைக் கடைசியில் சொல்கிறோம். காசையும் யோசனையையும் முதலில் இருக்கையில் போடுங்கள்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்குக் கூட்டத்துக்குள் வரும் பந்து என்றால் சிக்ஸர். உயரே எழும்பி வரும், நகர்ந்துகொள்ள நேரம் இருக்கும். பேஸ்பாலில் பயப்பட வேண்டியது தப்பாகப் பட்ட அடிக்கு. மட்டை ஓரத்தில் பட்டு, மட்டையாளருக்கு வலப்புறமுள்ள ஒன்றாம் பேஸ், இடப்புறமுள்ள மூன்றாம் பேஸ் பக்கத்து இருக்கைகளுக்குள் தாழ்வாகச் சீறும் ஃபவுல் பந்து மணிக்கு 100 மைலைத் தொட்டுவிடும். அந்த வேகத்தில் 150 அடி தூரத்தைக் கடக்க அதற்கு ஒரு விநாடி போதும். மடியில் குழந்தையும் கையில் பால் பாட்டிலுமாக இருப்பவர் திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். 2017 செப்டம்பரில் யாங்கி ஸ்டேடியத்தில் ஒரு சின்னப் பெண் குழந்தைக்கு அப்படித்தான் அடிபட்டது. அடுத்த ஆண்டு சீசன் தொடங்கியபோது 30 பெரிய லீக் மைதானங்களிலும் பாதுகாப்பு வலை குறைந்தது டக்அவுட்டின் (ஆட்டக்காரர்கள் உட்காரும் இடம்) மறுகோடி வரை நீண்டிருந்தது. ஆகவே டிக்கெட் எடுக்கும்போது முதல் கேள்வி, இந்த இருக்கை வலைக்குப் பின்னால்தானா என்பது. வலை முடிகிற இடத்துக்கு அப்பால் முன்வரிசை மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

அடுத்தது வெயில். பெரும்பாலான மைதானங்களில் மட்டையாளர் கிழக்கையோ வடகிழக்கையோ பார்த்து நிற்பார். அதனால் பிற்பகலில் அவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்புறமும் மூன்றாம் பேஸ் பக்கமும்தான் முதலில் நிழலுக்குள் வரும். பகல் ஆட்டம் என்றால் கீழ்த்தளத்தின் கடைசி சில வரிசைகளை எடுங்கள். மேல்தளம் கூரைபோல் மறைக்கும், பின்னாலேயே நடைபாதை. மெட்ஸின் சொந்த மைதானமான சிட்டி ஃபீல்டில் கீழ்த்தள நடைபாதையின் பெரும்பகுதி மைதானத்தைப் பார்த்துத் திறந்திருப்பதால், அடம் பிடிக்கும் குழந்தையைத் தோளில் போட்டு நடந்துகொண்டே ஆட்டத்தையும் பார்க்கலாம். வரிசையின் ஓர இருக்கை அவசியம், ஆனால் ஓரத்தில் பெரியவர் உட்கார வேண்டும், குழந்தை உள்பக்கம்.

இலவசமாக மடியில் வைத்துக்கொள்ளும் விதியைச் சில மைதானங்கள் வயதை வைத்தும் சில உயரத்தை வைத்தும் போடுகின்றன. அணியின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தனி இருக்கை வாங்கினாலும் ஒரு சிக்கல் உண்டு: தானாக மடங்கும் அந்த நாற்காலியைக் கீழே அழுத்தி வைக்கப் பத்துப் பன்னிரண்டு கிலோ குழந்தையின் எடை போதாது. பின்னால் நகர்ந்தால் இருக்கை காலோடு மடக்கிவிடும். டயபர் பையைக் குழந்தையின் முதுகுக்குப் பின்னால், கீல் பக்கமாக வைத்தால் நிற்கும்.

பந்தெறிய 2023-இல் நேரக் கெடுக் கடிகாரம் வைத்த பிறகு, ஆட்டம் சராசரியாக ஏறக்குறைய 2 மணி 40 நிமிடத்தில் முடிகிறது. அதற்கு முந்தைய ஆண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடியது. இருந்தாலும் ஒன்பது இன்னிங்ஸையும் (இரு அணியும் ஒருமுறை மட்டை பிடித்தால் ஒரு இன்னிங்ஸ்) குறி வைக்காதீர்கள். நான்கு இன்னிங்ஸ் பார்த்தால் அது முழு ஆட்டம்! கதவு திறக்கும்போதே போய் நிற்பதால் பயனில்லை, குழந்தையின் பொறுமை வரிசையிலேயே தீர்ந்துவிடும். இரவு ஆட்டம் பெரும்பாலும் ஏழு மணி வாக்கில்தான் தொடங்கும், தூங்கும் நேரத்தோடு முட்டும். வெள்ளி இரவு வாணவேடிக்கை இருந்தால் அந்த நாளைத் தவிருங்கள்.

சாப்பாடு. மெட்ஸ் மைதானத்துக்குள் வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டு போகலாம். ஆனால் எவர்சில்வர் டப்பாவும் கண்ணாடி பாட்டிலும் வாசலில் பேச்சை வளர்க்கும். இட்லியையோ தயிர்சாதத்தையோ மெல்லிய பிளாஸ்டிக் டப்பாவிலும், தண்ணீரை மூடி திறக்காத பிளாஸ்டிக் பாட்டிலிலும் எடுத்துப் போங்கள். பையின் அளவு 16-க்கு 16-க்கு 8 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. வெளியே போனால் பொதுவாகத் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்பதால் காரில் விட்ட டயபர் இல்லாத டயபர்தான். மைதானத் தின்பண்டங்களில் வேர்க்கடலை, பாப்கார்ன், வட்டமாக நறுக்கிய ஹாட் டாக் மூன்றும் நான்கு வயதுக்குக் கீழ் ஆகாது. கடைவாய்ப் பல் முழுதாக வராத பிள்ளை மெல்லாமல் விழுங்கும், குறுகிய மூச்சுக்குழாயில் அது அப்படியே அடைத்துக்கொள்ளும். நீங்கள் வாங்காவிட்டாலும் பக்கத்து வரிசையில் சிந்திய கடலை தரையில் கிடக்கும். உட்கார்ந்ததும் காலடியை ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

சிட்டி ஃபீல்டுக்கு ரயிலில் என்றால், மெட்ரோபார்க்கிலிருந்து நியூயார்க் பென் ஸ்டேஷன், அங்கே லாங் ஐலண்ட் ரயில் மாறி மெட்ஸ்-வில்லெட்ஸ் பாயின்ட் என்று போக, ஒரு பக்கமே ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஸ்ட்ரோலர் எடுத்தால் இருக்கைக்கு அடியில் மடங்கிப் போகும் வகையாக இருக்கட்டும். பாதி ஆட்டத்தில் கிளம்பினால் அடுத்த நிறுத்தம் ஃப்ளஷிங், அங்கே பிள்ளையார் கோயில் கேன்டீனில் தோசை கிடைக்கும் என்பது கூடுதல் லாபம்.

இரண்டு வயது நிரம்பாத பிள்ளைக்கு முதல் ஆட்டமாகப் பிரிட்ஜ்வாட்டரைத்தான் சொல்வோம். நியூயார்க்கின் இன்னொரு பெரிய அணியான யாங்கிஸின் டபுள்-ஏ (பெரிய லீக்குக்கு இரண்டு படி கீழே) அணியான சோமர்செட் பேட்ரியட்ஸ் ஆடும் இடம். இருக்கைகள் ஆறாயிரத்தைச் சுற்றி, கூட்டமும் இரைச்சலும் குறைவு, டிக்கெட் மலிவு, 287 நெடுஞ்சாலையில் போனால் அருகிலேயே. வழக்கமாகச் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஆடுவார்கள். சின்ன மைதானங்களில் வெளிச் சாப்பாட்டு விதி பெரும்பாலும் கடுமையாக இருக்கும், கிளம்புமுன் பார்த்துவிடுங்கள்.

இப்போது வாங்க வேண்டிய பொருள்: காது மூடி. ஒலிபெருக்கி, ஹோம் ரன் ஆரவாரம், சிட்டி ஃபீல்டில் லகார்டியா விமான நிலையத்து விமானங்கள் தலைக்கு மேலே. பெட்டியில் என்.ஆர்.ஆர். (சத்தத்தைக் குறைக்கும் அளவு) என்று 20-க்கு மேல் போட்டிருக்க வேண்டும். இரண்டு வயதுக்குள் துணிப் பட்டை வகை, அதற்கு மேல் வளைவுப் பட்டை வகை. தொப்பி ஓரமோ கிளிப்போ மெத்தைக்கு அடியில் மாட்டினால் இடைவெளி விழுந்து சத்தம் உள்ளே போகும், ஆகவே காது மூடியை முதலில் மாட்டி, தொப்பியை மேலே வையுங்கள். காதில் செருகும் பஞ்சு வகை வேண்டாம், பிடுங்கி வாயில் போட்டுக்கொள்வார்கள். வீட்டில் மிக்ஸி ஓடும்போது ஒரு வாரம் போட்டுப் பழக்குங்கள். அளவு சரியில்லையென்றால் ரசீதோடு கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறோம்.

இப்படிக்கு,
கடையிலுள்ளோர்