பாக்கியத்தின் தட்டு

அன்புள்ள சரோஜா,

உன்னுடைய இரண்டு கடிதங்களுக்கும் சேர்த்து இப்போதுதான் எழுதுகிறேன். கோபித்துக்கொள், ஆனால் நார்த்தங்காய் ஊறுகாயை அனுப்பிவிட்டுக் கோபித்துக்கொள். பாட்டில் காலியாகி இரண்டு மாதமாகிறது. அண்ணாச்சிக்கு முழங்கால் வலி தேவலையா? மாடிப்படி ஏறவிடாதே. இங்கே எல்லோரும் சுகம். நித்யாவுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. போன வெள்ளிக்கிழமை வளைகாப்பு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஐந்து நாளாக மனசு ஆறவில்லை.

அக்கா மகள் மலரை உனக்குத் தெரியுமே. கல்யாணப் பந்தியில் உன்னோடு சேர்ந்து பாயசம் பரிமாறியவள். இப்போது வங்கியில் கேஷியர். பன்னிரண்டு வயதில் விரல் கணுவில் கடுகளவாகத் தோன்றிய வெள்ளை, இன்று இரண்டு மணிக்கட்டு வரைக்கும் ஏறியிருக்கிறது. மற்றவர்கள் நலங்கு வைத்து முடித்ததும் அவள் முறை வந்தது. சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தோய்த்து எடுத்தாள். சம்பந்தி வீட்டுப் பெரியம்மா ஒருவர் அவள் முழங்கையைப் பிடித்து, “நீ வேண்டாம்மா, வயிற்றுப்பிள்ளைக்காரி” என்றார். கூடத்தில் பேச்சு நின்றுவிட்டது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? “மலர், உள்ளே பன்னீர்ச் செம்பு இருக்கிறது, எடுத்து வாம்மா” என்றேன். அந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவளைத்தான் அப்புறப்படுத்தினேன். கொல்லைக் குழாயடியில் அவள் கையைக் கழுவிக்கொண்டிருந்ததைப் பிறகு பார்த்தேன். சந்தனம் காய்ந்து வெளுத்துப்போயிருந்தது. எது சந்தனம், எது புள்ளி என்றே தெரியவில்லை.

அதே கை கட்டுக் கட்டாக நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது ஊரே வாங்கிக்கொள்கிறது, சரோஜா. ஒருவர்கூட “வேண்டாம்மா” என்று சொல்வதில்லை.

நித்யா இரண்டு வளையலைப் போடாமல் எடுத்து வைத்திருந்தாள். மறுநாள் காலை ஆட்டோ பிடித்து மலர் வீட்டுக்குப் போனோம். “நீயே போட்டுவிடு” என்று கையை நீட்டினாள். மலர் போட்டுவிட்டாள், சிரித்தாள், காபி கொடுத்தாள். நான் சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன். இது வெறும் நிறமிக் குறை, தோலுக்கு நிறம் தரும் செல்களை நம் உடம்பே அழித்துவிடுவதால் வருவது, தொட்டால் ஒட்டாது, வெண்குஷ்டம் என்று சொல்லக் கூடாது, வெண்புள்ளி என்றுதான் சொல்ல வேண்டும் என்று அரசு ஆணையே இருக்கிறது. அந்த அம்மாளிடம் சொல்லியிருக்க வேண்டியதையெல்லாம் இவளிடம் ஒப்பித்தேன். அவளுக்குத் தெரியாததா? டாக்டர் அவளைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டுத் தொட்டுக் கேட்டபோது பக்கத்தில் நின்றவள் நான். தொழுநோய்ப் படையில் உணர்ச்சி மரத்திருக்கும். இவளோ தொட்ட இடத்திலெல்லாம் சரியாக விரலை வைத்தாள். “இது அது இல்லை” என்று டாக்டர் சொன்னதும் அக்கா அழுதேவிட்டாள்.

மலர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “குஷ்டம் இல்லை, குஷ்டம் இல்லை என்று சொல்லியே என்னைக் காப்பாற்றப் பார்க்கிறீர்களே சித்தி, ஒருவேளை அதுவாகவே இருந்திருந்தால் தள்ளி நிறுத்தியது சரியாகிவிடுமா?”

எனக்குப் பேச்சு வரவில்லை. முப்பது வருடமாக அவளுக்காக வாதாடுவதாக நினைத்துக்கொண்டு இன்னொருவர் தலையில் அந்தப் பெயரை ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். தொழுநோய்க்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ மாத்திரை சாப்பிட்டால் தீர்ந்தது. அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கொடுக்கிறார்கள். சாப்பிட ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே பிறருக்குப் பரவுவதும் நின்றுவிடுகிறது. நோய் தீர்ந்தாலும் பெயர் போவதில்லை. 1955 இந்துத் திருமணச் சட்டத்தில் விவாகரத்துக்குக் காரணமாக அதுவும் இருந்தது. அந்த ஒரு சொல்லை எடுக்க 2019 வரை ஆகியிருக்கிறது!

மைக்கேல் ஜாக்சன் வெள்ளைக்காரனாகப் பார்க்கிறான் என்று நீ அடித்த கூத்து நினைவிருக்கிறதா? அவருக்கும் இதே வெண்புள்ளிதான். 1993இல் ஒரு பேட்டியில் அவரே சொல்லியிருக்கிறார். பிரேதப் பரிசோதனையிலும் அதுதான் தெரிந்தது. அவர் இறந்த ஜூன் 25தான் இன்று உலக வெண்புள்ளி நாள். மனுஷன் உண்மையைச் சொன்ன பிறகும் நாம் நம்பவில்லை பார்.

இனி எழுதப்போவதற்குத்தான் இத்தனை நாள் கை வரவில்லை. பாளையங்கோட்டை விடுதியில் நம் பாக்கியம். அவளுக்கு உதட்டோரமும் விரல் நுனியும்தான் வெளுத்திருந்தன. அவளுடைய தட்டு மற்றத் தட்டுகளோடு கலந்துவிடக் கூடாது என்று விளிம்பில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தோமே. வார்டன் சொல்லி அல்ல, நாமாகவே. நகப்பூச்சு உன்னுடையது, வைத்தது நான். மறுநாள் சாப்பாட்டு மணி அடித்ததும் அவள் எதுவும் கேட்காமல், அடுக்கிலிருந்து அந்தத் தட்டைத் தேடி எடுத்துக்கொண்டு கடைசியில் போய் உட்கார்ந்தாள். வருடம் முடியும்வரை அங்கேதான் உட்கார்ந்தாள். சுண்டல் விவகாரத்தை இன்றுவரை சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். இதை ஒரு தடவையாவது பேசியிருக்கிறோமா?

குழந்தையைத் தொட்டிலில் இடுவது மலர்தான் என்று நித்யா சொல்லிவிட்டாள். சம்பந்தி வீட்டாரிடம் நானே நேரில் போய்ச் சொல்லப்போகிறேன். நீ அவசியம் வர வேண்டும்.

பாக்கியத்தின் தம்பி தூத்துக்குடியில் வேலை பார்ப்பதாக முன்பு எழுதியிருந்தாய். அவனிடம் விசாரித்து அவள் முகவரியை வாங்கி அனுப்பு. போன் எண் வேண்டாம், நேரில் போக வேண்டும். நீயும் வருகிறாயா?

உன்,
கோமதி