சோமாலியாவின் சமாதான மேசையில் யாருக்கு இடம்? பாதுகாப்பு அவைக்கு ஒரு திறந்த மடல்

ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவையின் உறுப்பு நாடுகளுக்கு,

வணக்கம்.

1992 ஜனவரியில் ஆயுதத் தடை விதித்த நாள்முதல் சோமாலியா உங்கள் கோப்புகளில் இருக்கிறது. 2007-இல் நீங்கள் ஒப்புதல் அளித்த ஆப்பிரிக்க ஒன்றியப் படை இப்போது மூன்றாவது பெயரில் இயங்குகிறது. 2025 தொடக்கத்தில் சோமாலியாவே நிரந்தரமற்ற உறுப்பினராக உங்களோடு வந்தமர்ந்தது. ஆனால், சர்வாதிகாரி சியாத் பர்ரேயின் ஆட்சி 1991-இல் வீழ்ந்தபின் நீதிமன்றம், வங்கி, பள்ளிக்கூடம் என எல்லாம் நொறுங்கிய நாட்டில் மக்களுக்குச் சோறு போட்ட அமைப்பு எது என்று கேட்டால், குடும்பம் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தக் குடும்பத்தை உங்கள் முடிவுகள் போதிய அளவு கணக்கில் கொள்வதில்லை என்பதே என் முறையீடு.

தென்மேற்குச் சோமாலியாவின் பைதோவா நகரைச் சுற்றியுள்ள முகாம்களைப் பாருங்கள். வளைத்துக் கட்டிய குச்சிகளின்மேல் கந்தல் துணியும் சாக்கும் பிளாஸ்டிக் தாளும் போர்த்திய குடிசைகள். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. சோளம் விதைத்தும் ஆடும் ஒட்டகமும் வளர்த்தும் பிழைத்தவர்கள்தாம் இவற்றில் வாழ்வோரில் பெரும்பாலோர். 2020 இறுதியிலிருந்து ஐந்து பருவமழைகள் தொடர்ந்து பொய்த்தன. விளைந்த கொஞ்சத்திலும் அல்-ஷபாப் என்ற ஆயுதக் குழு ஸகாத் (இஸ்லாமிய அறக்கொடை) என்ற பெயரில் வரி பிடுங்கியது. தப்பி வந்த இடத்தில், முகாம் நிலத்தைக் கையில் வைத்திருக்கும் இடைத்தரகர் உதவிப்பொருளில் பங்கு கேட்கிறார். அதையும் கொடுத்துவிட்டு இருந்தாலும் நிலம் உறுதியில்லை: 2017 டிசம்பர் இறுதியில் தலைநகர் மொகடிஷுவின் புறநகரில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் குடிசைகள் புல்டோசர் கொண்டு தரைமட்டமாக்கப்பட்டன.

இவர்களில் பலரையும் நகரங்களில் வாழும் உறவினர்களையும் பிழைக்க வைப்பது வெளிநாட்டிலிருக்கும் ஓர் அண்ணனோ அத்தையோ அனுப்பும் பணம். மினியாபொலிஸிலும் லண்டனிலும் நைரோபியின் ஈஸ்ட்லீயிலும் உழைப்பவர்கள் ஹவாலா (வங்கி வழியில்லாமல் பணம் அனுப்பும்) நிறுவனங்கள் வழியாக ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கும் மேல் அனுப்புகிறார்கள். மாதந்தோறும் அந்தப் பணம் வரும் என்ற நம்பிக்கையில்தான் தெருமுனைக் கடைக்காரர் அரிசியும் சர்க்கரையும் எண்ணெயும் கடனாகத் தருகிறார். பெண்கள் தமக்குள் ‘அயூத்தோ’ போடுகிறார்கள். நம்மூர்ச் சீட்டேதான், ஏலம் மட்டும் கிடையாது. பள்ளிக் கட்டணமும் பிரசவச் செலவும் அதிலிருந்து போகின்றன. 2001 நவம்பரில் அமெரிக்கா அல்-பரகாத் என்ற ஹவாலா நிறுவனத்தை முடக்கியபோது உங்கள் தடைப் பட்டியலிலும் அதன் பெயர் ஏறியது. பயங்கரவாதத்துக்கு அது நிதி தந்ததற்குத் தக்க சான்று கிடைக்கவில்லை என்று 9/11 தாக்குதலை விசாரித்த அமெரிக்க ஆணையத்தின் பணியாளர்களின் ஆய்வு பிறகு சொன்னது. அதற்குள் எத்தனை வீடுகளில் கடன் நின்றுபோயிருக்கும் என்று எந்தத் தீர்மானமும் கணக்கெடுக்கவில்லை. அல்-ஷபாபின் பணப்போக்கைக் கண்காணிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு வழியை அடைக்குமுன் அதே வழியில் சோறு போகும் வீடுகளுக்கு மாற்று இருக்கிறதா என்று கேளுங்கள் என்கிறேன்.

2011 பஞ்சத்தில் ஏறத்தாழ 2,60,000 பேர் மாண்டார்கள், அவர்களில் பாதி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். வறட்சியோடு, உதவி அமைப்புகளை அல்-ஷபாப் விரட்டியதும், பயங்கரவாதத் தடைச் சட்டங்களுக்கு அஞ்சிக் கொடையாளர்கள் கைகட்டி நின்றதும் அதற்குக் காரணங்கள்.

அமைதிப் பேச்சிலும் குடும்பம் வெளியேதான் நிற்கிறது. நான்கு பெரிய குலங்களுக்குச் சமபங்கு, சிறுபான்மையினர் அனைவருக்கும் சேர்த்து அரைப்பங்கு என்ற ‘நான்கரை’ ஏற்பாடு துப்பாக்கி ஏந்திய குலங்களைச் சமாதானப்படுத்தியிருக்கலாம். பெண் அதில் எங்கே? அவள் பிறந்தது ஒரு குலம், கணவனும் பிள்ளைகளும் வேறு குலம். இரண்டும் மோதும்போது அண்ணனையும் மகனையும் எதிரெதிர் அணியில் காண்பவள் அவள். இரு பக்கமும் போய்ப் பேசக்கூடியவளும் அவள்தான். 2000-இல் ஜிபூட்டியின் ஆர்த்தா அமைதி மாநாட்டில் பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர் ஆஷா ஹாஜி எல்மியும் தோழியரும் தங்களை, நான்கு குலங்களுக்கும் சிறுபான்மையினர் அணிக்கும் அடுத்த ‘ஆறாவது குலம்’ என்று அறிவித்துத்தான் உள்ளே நுழைந்தார்கள். கால் நூற்றாண்டு கழிந்தும், நாடாளுமன்றத்தில் பெண்களுக்கென்று பேசப்பட்ட 30 விழுக்காடு எட்டப்படவில்லை.

அமைதியை இம்மக்கள் விரும்பவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. 2017 அக்டோபர் 14 அன்று மொகடிஷுவின் சோபே சந்திப்பில் லாரி குண்டு 580-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற சில நாள்களிலேயே ஆயிரக்கணக்கானோர் தலையில் சிவப்புத் துணி கட்டி, அல்-ஷபாபுக்கு எதிராகத் தெருவில் இறங்கினார்கள்.

ஆகவே, ஆப்பிரிக்க ஒன்றியப் படையின் காலத்தை நீட்டிக்கும் அடுத்த தீர்மானத்தில் மூன்று வரிகளைச் சேர்க்கக் கோருகிறேன். உதவித்தொகை இடைத்தரகர் கைபடாமல் குடும்பத்தின் கைபேசிக் கணக்குக்கே போக வேண்டும். அந்நாட்டில் கைபேசிப் பணம் புழங்காத சந்தை அரிது. மாற்றிடம் தராமல் முகாம்களை இடிப்பதை அரசு நிறுத்த வேண்டும். மத்திய அரசும் மாநிலங்களும் அமரும் ஒவ்வொரு பேச்சிலும் இடம்பெயர்ந்த பெண்களுக்கு வாக்குரிமையுடன் இருக்கை வேண்டும். பார்வையாளர் வரிசை போதாது.

இப்படிக்கு,
சோமாலியச் செய்திகளைத் தொடர்ந்து வாசித்துவரும் ஒரு தமிழர்