உன் மகள் கேட்ட கேள்விக்கு

ஜார்ஜ் டவுன், பினாங்கு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவைப் பற்றிய செய்தியைத்தான் முதலில் தேடிப் படித்தேன். வாசற்படியருகே கால் எழாமல் நின்றுவிடுகிறவர், பிசியோதெரபிஸ்ட் சீராகத் தட்டொலி எழுப்பும் மெட்ரோனோம் கருவியைத் தட்டவிட்டதும் எட்டு வைத்து நடந்தார் என்று எழுதியிருந்தாய். மனம் நெகிழ்ந்துவிட்டது. பார்க்கின்சன் நோயாளிகளுக்குத் தாள ஒலியோடு நடைப்பயிற்சி கொடுத்தால் நடை சீராகிறது என்று மைக்கேல் தௌட்டின் குழு 1996-இலேயே எழுதியது. உன் அப்பா விடாமல் செய்யட்டும்.

இனி உன் மகள் கேட்டது. மூளை தாளத்தை எப்படி உணர்கிறது என்று ஆராய்வதையே தொழிலாகக் கொண்டு ஒருத்தி பிழைக்க முடியுமா? முடியும். ஆனால் அந்தப் பாதையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அவள் இறங்க வேண்டும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தாத்தாவின் கால் அசைந்ததற்கும் அவள் மிருதங்கத்துக்கும் உள்ள உறவை அவளுக்குச் சொல். ஜெசிகா கிரானும் மேத்யூ பிரெட்டும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அசையாமல் படுத்திருந்தவர்களுக்குத் தாளக் கோவைகளை ஒலிக்கவிட்டார்கள். சீரான தட்டு புலப்பட்ட கோவைகளுக்கு, உடல் அசைவைக் கவனித்துக்கொள்ளும் பேசல் காங்கிலியா என்ற ஆழமான பகுதி கூடுதலாக இயங்கியது. பார்க்கின்சன் நோய் தாக்குவதும் அந்தப் பகுதியைத்தான். தாளத்தோடு விரலால்கூடத் தட்டவில்லை, ஆனாலும் மூளைக்குள் அசைவுக்கான இடம் விழித்துக்கொள்கிறது!

அதைவிட என்னைக் கவர்ந்தது சில்வி நோசரடான் குழுவின் 2011-ஆம் ஆண்டு ஆய்வு. அழுத்த வேறுபாடில்லாத, ஒரே சீரான தட்டொலியைக் கேட்கவைத்து, அதை மனத்தில் இரண்டிரண்டாகவோ மும்மூன்றாகவோ எண்ணிக்கொள்ளச் சொன்னார்கள். ஒலியில் இல்லாத அந்த இரண்டும் மூன்றும் மூளையின் மின் அலைகளில் பதிவாயின. கச்சேரியில் உட்கார்ந்து தாளம் போடுகிறவர்களுக்கு இது புதிதல்ல. பாட்டின் தொடக்கமான எடுப்பு, தாளச் சுற்றின் முதல் தட்டான சமத்தில் விழாத கிருதியில், பாட்டு ஓரிடத்தில் தொடங்க, சமம் நம் தொடையில் வேறோர் இடத்தில் விழுகிறதே! கையால் எண்ணிக்கொண்டே கேட்பவரின் மூளைக்கும், சும்மா கேட்பவரின் மூளைக்கும் என்ன வேறுபாடு? உன் மகளின் முதல் ஆய்வுக் கேள்வியாக இதுவே இருக்கலாம்.

நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். அவள் கையில் இருப்பதை அவள் குறைத்து மதிப்பிடக் கூடாது. எரின் ஹானனும் சான்ட்ரா டிரீஹபும் 2005-இல் காட்டியதைப் பார். பால்கன் நாட்டு இசையின் சமமில்லாத தாளங்களில் ஏற்படும் பிசகை ஆறு மாதக் குழந்தைகள் கண்டுகொண்டன. வட அமெரிக்காவில் வளர்ந்த பெரியவர்கள் தடுமாறினார்கள். ஓராண்டுக் குழந்தைகளுக்கே அந்தக் கூர்மை குறைந்திருந்தது. வீட்டில் இரண்டு வாரம் அந்த இசையைக் கேட்கவைத்ததும் குழந்தைகளுக்கு அது திரும்பியது. பெரியவர்களுக்கு அது போதவில்லை. மூன்றும் நான்குமாக, அதேபோல் சமமில்லாமல் நடக்கும் மிச்ர சாப்பு தாளத்தைக் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வகுப்பில் சிறு வயதிலேயே கைப்பழக்கமாக்கிக்கொண்டவள் அவள்.

நோரி ஜேகபியும் பல நாட்டு ஆய்வாளர்களும் 2024-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் முக்கியமானது. 15 நாடுகளில் 39 குழுக்களிடம், கேட்ட தாளத்தைத் திருப்பித் தட்டச் சொன்னார்கள். எங்கும் மனம் ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு இரண்டு போன்ற சிறிய முழு எண் விகிதங்களை நோக்கிச் சாய்கிறது. எந்த விகிதம் வலுவாக இருக்கிறது என்பது இசை மரபுக்கேற்ப மாறுகிறது. பல்கலைக்கழக மாணவர்களையும் இணையத்தில் கிடைப்பவர்களையும் மட்டும் சோதித்தால் இந்த வேறுபாடு மங்கிப்போகிறது; அவர்கள் எந்த நாட்டவரானாலும் மேற்கத்தியர்களை ஒத்திருக்கிறார்கள். அப்படியானால் பத்துமலையில் காவடிக்கு முன்னால் உருமி வாசிக்கும் இளைஞர்களை யார் போய்ப் பார்ப்பது? பல்கலைக்கழக வளாகத்தில் ஒட்டும் அறிவிப்பைப் பார்த்து அவர்கள் வரமாட்டார்கள். அவர்களோடு உட்கார்ந்து தேநீர் குடித்து, ஆய்வு எதற்கு என்று தமிழில் விளக்கி, சம்மதம் கேட்கத் தெரிந்த ஒருத்தி வேண்டும். அவர்களை வெறும் சோதனைப் பொருளாக நடத்தாமல், முடிவுகளைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்கிறவளாகவும் இருக்க வேண்டும். இதில் எனக்குச் சமரசம் இல்லை.

சம்பளத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். முனைவர் பட்டத்துக்குப் பிறகு இரண்டு, மூன்று ஆண்டு ஒப்பந்தங்களில் ஊர் ஊராகப் போக வேண்டியிருக்கும். நிரந்தர இடங்கள் குறைவு. ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் தாளத்தை ஆராயும் ரிட்மோ மையமும் டென்மார்க்கின் ஆர்ஹூஸில் இசையும் மூளையும் பற்றிய மையமும் இருக்கின்றன. நார்வேயில் முனைவர் பட்ட மாணவர்கள் சம்பளம் வாங்கும் ஊழியர்கள் என்பது உனக்கு ஆறுதலாக இருக்கும். பல்கலைக்கழகம் கைவிட்டாலும் இசை சிகிச்சை, செவித்திறன் ஆய்வு, தரவுப் பகுப்பாய்வு என்று கதவுகள் உண்டு. ஆனால் அவை திறக்க, புள்ளியியலும் பைத்தான் நிரல் எழுதுவதும் கைவர வேண்டும். மிருதங்கத்தை விடச் சொல்லாதே. இந்த இரண்டையும் தள்ளிப்போடவும் விடாதே. மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. கருவி உள்ள ஆய்வுக்கூடம் எதிலாவது உதவியாளராக ஓராண்டு வேலை பார்த்தால், இந்த வாழ்க்கை தனக்கு ஒத்துவருமா என்பது அவளுக்கே புரிந்துவிடும். வெளிநாட்டுக்கு எழுதுவதற்கு முன் அதைச் செய்யட்டும்.

இங்கே எல்லாரும் நலம். மழை விடவில்லை. என் பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான். தண்ணீர்மலைக் கோயில் பக்கம் மேளம் கேட்டால் முழங்காலை மடக்கி ஆடுகிறான்.

அவளை அடுத்த விடுமுறையில் பினாங்குக்கு அனுப்பு. வரும்போது ஒரு பக்கத்தில் தன் கேள்வியை எழுதிக்கொண்டு வரச் சொல். யாருக்கு எழுதுவது, எப்படி எழுதுவது என்று உட்கார்ந்து பேசுவோம். மிருதங்கத்தையும் எடுத்து வரட்டும், நான் கேட்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய தோழி