அண்ணா, அந்த ரெண்டு ஷீட்டையும் நீ கெடுக்கவில்லை

அண்ணா,

அப்பாவின் பழைய ஸ்பீட் கிராஃபிக் கேமராவில் என் எலக்ட்ரானிக் ஃப்ளாஷை மாட்டிவிட்டேன். பயப்படாதே, எங்கேயும் துளை போடவில்லை. பல்பு ஃப்ளாஷின் பழைய பேட்டரிக் கைப்பிடியைப் பிடித்திருந்த அதே கிளாம்பில், ஃப்ளாஷ் செருகுகிற ஷூ ஒன்றை இறுக்கி அதில் உட்கார வைத்திருக்கிறேன், கழற்றினால் தடயமே இருக்காது. அடுத்த வாரம் அப்பா போய் ஆறு வருஷம். அதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்து, நாலு தடவை அழித்துவிட்டு ஐந்தாவதாக எழுதுகிறேன்.

ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்பாய். அப்பாவை நான் எடுத்த இரண்டு ஷீட் ஃபிலிமும் வெற்றாக வந்த அன்றைக்கு, நீ அத்தனை பேர் முன்னாலும்தானே "நான்தான் கெடுத்துட்டேன், டெவலப்பருக்கு முன்னால ஹைப்போவில போட்டுட்டேன் போல" என்று சொன்னாய். டெவலப்பர்தான் படத்தை வரவழைக்கும், ஹைப்போவில் முதலிலேயே விழுந்தால் படம் கரைந்துபோகும். அத்தனை பேருக்கும் தெரிகிற மாதிரிதான் நானும் சொல்ல வேண்டும்.

நீ எதையும் மாற்றிப் போடவில்லை. அந்த ஃபிலிமில் ஒன்றும் பதியவே இல்லை.

அன்றைக்கு அப்பா சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததுதான் திரும்பத் திரும்ப வருகிறது. ஊரையெல்லாம் எடுத்தவர், தன் கேமராவில் தான் ஒரு தடவைகூட நின்றதில்லை என்று அவரே கேட்டு வாங்கிய படம் அது. நான் துணிக்குள் தலையை விட்டு, தலைகீழாகத் தெரிந்த அவர் முகத்தில் மூக்குக்கண்ணாடி விளிம்புக்கு ஃபோகஸ் வைத்தேன். கேமராவின் இன்னொரு ஷட்டரான பின்திரையைத் திறந்து வைத்தாயா என்று அவர் நாற்காலியிலிருந்தே கேட்டார், வைத்திருந்தேன். ஃப்ளாஷின் பலத்தைச் சொல்லும் கைடு நம்பர் 40, அவர் இரண்டரை மீட்டர் தூரத்தில், வகுத்தால் லென்ஸ் திறப்பு எஃப் 16. நூறு தடவை சரிபார்த்தேன். ஷட்டரை அழுத்தியதும் அறையே வெளுத்தது, "யப்பா" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு சிரித்தார். ஃபிலிம் ஹோல்டரைத் திருப்பி, மறுபக்க ஷீட்டில் இன்னொன்று.

ஃப்ளாஷ் அடித்ததை எல்லோரும் பார்த்தார்கள். அதனால்தான் யாருக்கும் என்மேல் சந்தேகமே வரவில்லை.

நீ ஈரக் கையோடு இரண்டு வெற்று ஷீட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்த அப்புறம், கேமராவை மடிக்கிற சாக்கில் ஷட்டரைப் பார்த்தேன். எந்த வகை ஃப்ளாஷ் என்று ஷட்டருக்குச் சொல்லும் அந்தக் குட்டி நெம்புகோல் எம்-மில் இருந்தது. உனக்கு இதற்குமேல் சொல்ல வேண்டாம். படிக்கிற மற்றவர்களுக்காக: பழைய ஃப்ளாஷ் பல்பு எரிந்து உச்ச வெளிச்சத்துக்கு வர 20 மில்லி செகண்ட் மாதிரி ஆகும், அதனால் எம்-மில் முதலில் பல்புக்குக் கரண்ட் போகும், அப்புறம்தான் ஷட்டர் திறக்கும். எலக்ட்ரானிக் ஃப்ளாஷ் அவ்வளவு நேரம் காத்திருக்காது, கண் இமைப்பதற்குள் அடித்து முடித்துவிடும். ஷட்டர் திறந்தபோது அறையில் ஃப்ளாஷ் வெளிச்சம் இல்லை. நெம்புகோல் எலக்ட்ரானிக் ஃப்ளாஷுக்கான எக்ஸில் இருந்திருக்க வேண்டும்.

நான் அதை நகத்தால் எக்ஸுக்குத் தள்ளிவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. மறந்துபோனது கைத்தவறு, தள்ளியது அப்படியில்லை. தள்ளாமல் விட்டிருந்தால் என்றைக்காவது நீயே பார்த்திருப்பாய். 35 எம்எம் சுருளாக இருந்திருந்தால், டெவலப்பரில் தானாகத் தெரியவரும் ஓரத்து நம்பர்களாவது என்னைக் காட்டிக் கொடுத்திருக்கும், நம்மிடம் இருந்த ஷீட்டில் அதுவும் கிடையாது. வெளிச்சமே படாத ஃபிலிமும், முதலிலேயே ஹைப்போவில் விழுந்த ஃபிலிமும் கழுவி எடுத்தால் ஒரே மாதிரி கண்ணாடியாகத்தான் இருக்கும்.

ஏன் சொல்லவில்லை? அப்பாவும் நீயும் அந்த ஃப்ளாஷை பிளாஸ்டிக் பொம்மை என்று சிரித்தீர்கள். பல்பு தீர்ந்துபோய் வேறு வழியில்லாமல்தான் என்னை விட்டீர்கள். வோல்டேஜ் ஒத்துவராது, ஏதாவது கருகும் என்று நீ வேறு அடித்துச் சொன்னாய். அது அப்படியே தலைகீழ் அண்ணா. 200 வோல்ட்டுக்கு மேல் வைத்திருந்த அந்தக் காலத்து ஃப்ளாஷ்கள்தான் இன்றைய டிஜிட்டல் கேமராவைக் கெடுக்கும். இந்த ஷட்டருக்குள் வெறும் இரண்டு தகடு ஒட்டிப் பிரிகிறது, என் ஃப்ளாஷ் தருவது ஐந்தாறு வோல்ட். பேட்டரி போட்ட கைப்பிடியில் செருகினால்தான் வம்பு, அது கரண்ட்டை வெளியே தள்ளும். அது எனக்குத் தெரியும். பதினைந்து வயதிலிருந்து டார்க் ரூம் வாசலில் நின்று கேட்டே தெரிந்துகொண்டவள் நான், உள்ளே உன்னை மட்டும்தானே விட்டார்.

மன்னிப்புக் கேட்க உட்கார்ந்துவிட்டு இதையும் எழுதுகிறேன் பார்.

அடுத்த வாரம் மறுபடி எடுக்கலாம் என்றாய். அடுத்த வாரம் அப்பா எழுந்து உட்காரவே இல்லை. அன்று ராத்திரி அவர் உன்னிடம் என்ன சொன்னார் என்பது கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டது. அதை இங்கே எழுத மாட்டேன், அந்த வீட்டில் இருந்த பலரும் இதைப் படிப்பார்கள். ஆனால் அதைக் கேட்ட அப்புறமும் நான் வாயைத் திறக்கவில்லை. நீ அதற்கப்புறம் டார்க் ரூமுக்குள் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். சாரி அண்ணா. உன்னை எல்லோரும் தேற்றினார்கள், அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது ஷட்டரில் ஃப்ளாஷ் ஒயர் செருகுகிற இரண்டு முள்ளையும் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன், பச்சை பூத்திருந்தது. பின்பக்கத்தைக் கழற்றி, லென்ஸ் வழியாகச் சுவரைப் பார்த்தபடி அடித்துப் பார்த்தேன். எக்ஸில் வட்டம் முழுசாகத் தெரிந்தது. எம்-முக்குத் தள்ளினேன், ஃப்ளாஷ் அடித்த சத்தம் மட்டும் கேட்டது, லென்ஸ் கறுப்பாகவே இருந்தது. இரண்டு நிமிஷ வேலை, அன்றைக்கே செய்திருக்கலாம். நெம்புகோலை எக்ஸில் வைத்து டேப் ஒட்டிவிட்டேன்.

அதே நாற்காலியை, ஆள் இல்லாமல், இரண்டு ஷீட் எடுத்திருக்கிறேன். கழுவவில்லை. ஹோல்டர் உனக்கு வந்து சேரும், எடுத்தாயிற்று என்று காட்டும் கறுப்பு விளிம்பு வெளியே தெரிகிற மாதிரிதான் அதன் மூடித் தகட்டைச் செருகியிருக்கிறேன். டெவலப்பர் இடது பக்கத் தட்டில்.