கடைசிப் பாகத்தில் போர்வை இல்லை

அன்புக் குட்டிக்கு,

நீ அனுப்பிய புத்தகம், ஓநாயாக மாறுகிற அந்தப் பெண்ணின் கதையில் கடைசிப் பாகம், வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. நேற்று இரவு முடித்தேன். "படிச்சு முடிச்சிட்டு நீயே சொல்லும்மா" என்று போனில் சொன்னபோது உன் குரல் அடைத்திருந்தது. ஏன் என்று இப்போது புரிகிறது. போனில் பேசினால் நீ அழுவாய், உன்னைத் தேற்றுகிற அவசரத்தில் நான் நினைத்ததைச் சொல்லாமல் விட்டுவிடுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் அறைத்தோழி கேட்டாளாமே, "ஓநாய்க் கதைக்கா இந்த அழுகை?" என்று. அதை மனசில் வைத்துக்கொள்ளாதே. பதின்மூன்று வயதில் முதல் பாகத்தைக் கையில் எடுத்தாய். இப்போது உனக்குப் பத்தொன்பது. நாலு பாகம், ஆறு வருடம். அந்த ஆறு வருடத்தில் உன்னோடு படித்த பிள்ளைகள் எத்தனையோ பேர் பள்ளி மாறிப் போனார்கள், சிலர் காரணமே சொல்லாமல் பேச்சை நிறுத்தினார்கள். இந்தப் பெண்ணும் அவள் கூட்டமும் மட்டும் எப்போது பக்கத்தைத் திறந்தாலும் உனக்காக இருந்தார்கள். அவர்களை ஒருவர் அரைகுறையாக வழியனுப்பி வைத்தால் வலிக்கத்தான் செய்யும். உன்னைவிட முப்பது வயது மூத்தவள் நான், எனக்கே விளக்கை அணைத்த பிறகு ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை.

உன் பென்சில் கோடுகளைப் பிடித்துக்கொண்டுதான் படித்தேன். பிடித்த இடத்தில் ஓரமாக உன் கோடு, அதற்குப் பக்கத்தில் என் புள்ளி, பழையபடியே. முதல் நூறு பக்கத்தில் உன் கோடுகள் நெருக்கி நெருக்கி விழுந்திருக்கின்றன. நியாயம்தான், அந்த நூறு பக்கமும் நன்றாக இருக்கிறது. அவள் முதன்முதலாகப் பட்டப்பகலில், பயமில்லாமல், தானே விரும்பி உருமாறுகிற இடத்தில் இரட்டைக் கோடு போட்டிருக்கிறாய். நானும் இரண்டு புள்ளி வைத்தேன். அப்புறம் சாம்பலான் சாகிற பக்கம் வந்தது. அங்கே உன் பென்சில் தாளையே கிழித்துவிட்டது. அதற்குப் பிறகு நாற்பது பக்கத்துக்கு ஒரு கோடுகூட இல்லை. அந்த நாற்பது பக்கத்தையும் நீ எப்படிப் படித்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டேதான் நானும் புரட்டினேன்.

(புத்தகத்தில் அவனுக்கு அழகான பெயர் இருக்கிறது. ஆனாலும் நீ முதல் நாளே வைத்த சாம்பலான் என்ற பெயர்தான் எனக்கு வாயில் வருகிறது.)

அவன் செத்தது என் குறை இல்லை. பிரியமானவர்கள் கதையில் சாகலாம். அவன் சாகிற நேரம்தான் என்னை உறுத்துகிறது. இரண்டாம் பாகத்திலிருந்து ஒரே கேள்விதானே: சின்ன வயதிலிருந்து கூடவே ஓடித் திரிந்த சாம்பலானா, பாதியில் வந்து சேர்ந்த கறுப்பனா? அவள் மனசு கறுப்பனிடம் போய்விட்டது நமக்குத் தெரியும், சாம்பலானுக்கும் தெரியும். அதை அவள் வாயால் அவனிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. ஓடைக்கரையில் இருவரும் நிற்கிறார்கள். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று அவள் ஆரம்பிக்கிறாள். எங்கிருந்தோ ஒரு அம்பு வருகிறது. அவன் விழுகிறான். சொல்ல வேண்டியதைச் சொல்லாமலேயே அவளுக்குக் கறுப்பன் கிடைத்துவிடுகிறான். நாலு பாகம் முழுக்க அவளை அவ்வளவு தைரியசாலியாக வளர்த்துவிட்டு, தைரியம் தேவைப்பட்ட அந்த ஒரு நிமிடத்தில் எழுதியவரே குறுக்கே வந்து அவளைத் தப்பிக்க வைத்துவிட்டார்.

நாம் சேர்ந்து படித்த லிட்டில் விமன் ஞாபகம் இருக்கிறதா? அதன் முதல் பகுதி 1868இல் வந்தது. உடனே கதாநாயகி ஜோவை அவள் நண்பன் லாரிக்குத்தான் கட்டிவைக்க வேண்டும் என்று வாசகிகள் அதை எழுதிய லூயிசா மே ஆல்காட்டுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார்கள். அவர் மசியவில்லை. அடுத்த வருடம் வந்த இரண்டாம் பகுதியில் லாரி கேட்கிறான், ஜோ முடியாது என்கிறாள். முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். அன்றைக்கும் நீ அழுதாய், இரண்டு நாள் அந்தப் புத்தகத்தைத் தொடவே இல்லை. ஆனால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நீ சொல்லவில்லை. லாரி அந்தப் பதிலைக் காதால் கேட்டு, நொறுங்கி, பிறகு எழுந்து நடந்தான். சாம்பலானுக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை. அவனுக்கு ஒரு பதில் தர வேண்டியிருந்தது, குட்டி. தரவே இல்லை.

இன்னொன்றும் கவனித்தேன், நீயும் கவனித்திருப்பாய். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் பௌர்ணமி. அதன் பிறகு அத்தியாயத் தலைப்பில் போட்டிருக்கிற கிழமைகளை ஒரு தாளில் எழுதி எண்ணிப் பார்த்தேன். பெரிய சண்டை நடக்கிற இரவு சரியாகப் பன்னிரண்டு நாள் கழித்து வருகிறது, அன்றைக்கும் முழு நிலா! ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததற்கும் இருபத்தொன்பதரை நாள் வேண்டாமா? முதல் இரண்டு பாகத்துக்கும் நீ நோட்டின் பின்னட்டையில் போட்ட நிலாக் கணக்கு ஒரு நாள்கூடப் பிசகவில்லை. அப்போது எழுதியவருக்கு அந்தக் கணக்கில் அக்கறை இருந்தது, நாமும் நம்பி உள்ளே போனோம். சின்னப் பிழைதான், ஆனால் இதைப் பார்த்ததும் எனக்குச் சட்டென்று மனசு விட்டுப்போயிற்று.

அந்தச் சண்டையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. எண்பது பக்கம். யார் ஆல்ஃபா, அதாவது கூட்டத்தை அடக்கி ஆளுகிற தலைவர், யார் யாருக்குப் பணிய வேண்டும் என்பதுதான் விஷயம். இரண்டாம் பாகத்துக்காகக் காத்திருந்த வருடம் ஓநாயைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டு நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய்: ருடால்ஃப் ஷெங்கெல் என்பவர் அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து 1947இல் எழுதியதிலிருந்துதான் இந்த ஆல்ஃபா பேச்சு கிளம்பியது, ஓநாய் ஆராய்ச்சியாளர் டேவிட் மெச் 1970இல் எழுதிய புத்தகத்தால் அது இன்னும் பரவியது, அந்த மெச்சே பிறகு கனடாவின் வடகோடியில் இருக்கிற எல்ஸ்மியர் தீவில் பல கோடைகாலம் காட்டு ஓநாய்களைக் கிட்டத்தில் இருந்து கவனித்து, 1999இல் தன் பழைய பேச்சைத் தானே திருத்தினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு அப்பா, ஒரு அம்மா, அவர்களுடைய பிள்ளைகள். "குடும்பம்தாம்மா அது" என்று நீ துள்ளியது என் கண்ணுக்குள் இருக்கிறது. முதல் பாகம் அப்படித்தான் இருந்தது. மழைக்கு ஒதுங்கி எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் கால் போட்டுத் தூங்குவார்களே, அந்த மரக்கிடங்கு! அதைக் காட்டியவர் கடைசியில் யார் தலைவர் என்ற அடிதடியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

சரி, இப்போது எனக்கு உண்மையாகவே வலித்த இடத்துக்கு வருகிறேன். அந்தப் போர்வை.

நீ படிக்கும்போது அந்தப் பெண்ணாகப் படித்திருப்பாய். நான் ஆறு வருடமும் அவள் அம்மாவாகத்தான் படித்தேன். முதல் பாகத்தில் மகளின் படுக்கை விரிப்பில் கால்விரல் விரலாகச் சேறு பதிந்திருக்கும். அம்மா அதைப் பார்ப்பாள். ஒன்றும் கேட்கமாட்டாள். உருவி எடுத்துத் துவைத்து, காய்ந்ததும் மறுபடி விரித்துவிடுவாள். அடுத்த பௌர்ணமிக்குப் பின்வாசல் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டு, படியில் ஒரு போர்வையை நாலாக மடித்து வைத்துவிட்டுப் படுத்துக்கொள்வாள். விடிகாலையில் நடுங்கிக்கொண்டு வருகிற மகள் அதைப் போர்த்திக்கொண்டு உள்ளே வருவாள். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளமாட்டார்கள். மூன்றாம் பாகத்தின் முடிவில் மகள் போர்வையைத் தொட்டால் ஒரு பக்கம் பனியில் நனைந்து குளிர்ந்திருக்கும், மறுபக்கம் வெதுவெதுப்பாக இருக்கும். அம்மா ராத்திரி முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்திருந்தாள் என்று அப்போதுதான் அவளுக்கும் நமக்கும் தெரியும். அந்தப் பக்கத்தில் உன் கோடு இல்லை, என் புள்ளியும் இல்லை. இரண்டு பேருமே பென்சிலை மறந்துவிட்டோம்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் மரீ தெ ஃபிரான்ஸ் என்ற கவிஞர் எழுதிய பிஸ்கிளாவ்ரே கதையை உனக்கு ஒருமுறை சொன்னேனே. வாரத்தில் மூன்று நாள் ஓநாயாகிற பிரபு. கழற்றி வைக்கிற உடையை மனைவி எடுக்கச் செய்துவிடுவாள், அவனால் மனிதனாகத் திரும்ப முடியாது. கடைசியில் உடை கிடைத்தாலும் எல்லோர் முன்னாலும் அவன் அதைத் தொடமாட்டான். தனி அறையில் உடையோடு விட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் மாறுவான். அவன் கூச்சத்தைப் புரிந்துகொண்டு கதவைச் சாத்துகிறார்கள் பார், அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். திரும்பி வருகிறவர்களுக்காக யாராவது உடுப்பை எடுத்து வைத்திருக்க வேண்டும், பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் வேண்டும். இந்தப் போர்வையும் அதே ஜாதிதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பாகத்தில் போர்வை வரவே இல்லை. ஒரு மூலிகைக் கஷாயம், இரண்டு பத்தி, ஓநாய் போய்விட்டது. "ஏழு வருடங்களுக்குப் பிறகு" என்று ஓர் அத்தியாயம். வீடு, வெள்ளைத் திரைச்சீலை, கறுப்பன், தொட்டிலில் குழந்தை. அம்மா எங்கே என்று தேடினேன். "அம்மா சன்னலில் நின்று கையசைத்தாள்." அந்த ஒரு வரியோடு அவள் கதை முடிந்தது. அப்புறம் அந்தப் பெண் மாடியில் நின்று முழு நிலாவைப் பார்த்து, "அழகா இருக்கு" என்கிறாள். உடம்பு அதிர வேண்டாமா? ஒரு ரோமமாவது சிலிர்க்க வேண்டாமா? யாரோ பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். நாலு பாகமாக அவளுடைய பலமாக இருந்தது, சின்ன வயதில் வந்து குணமாகிப்போன காய்ச்சல் மாதிரி ஆகிவிட்டது.

வளர்வதற்கு அவள் எதற்காக ஓநாயை இழக்க வேண்டும்? நிஜ ஓநாய்க்குட்டிகள் ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் பெரும்பாலும் கூட்டத்தை விட்டுக் கிளம்பிவிடும். யாரும் சபித்து அனுப்புவதில்லை, அதற்கு நேரம் வந்துவிட்டது, அவ்வளவுதான். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஓஆர்-7 என்று பெயரிட்ட ஆண் ஓநாய் 2011 செப்டம்பரில் தன் கூட்டத்தை விட்டுத் தனியாகக் கிளம்பி, டிசம்பர் கடைசியில் கலிஃபோர்னியாவுக்குள் நுழைந்தது. 1924க்குப் பிறகு அந்த மாநிலத்தில் தெரியவந்த முதல் காட்டு ஓநாய் அதுதான். இருக்கும் இடத்தைக் காட்டுகிற அதன் கழுத்துப் பட்டையிலிருந்து வந்த தடத்தை வைத்துப் போட்ட வரைபடத்தை நீ சுவரில் ஒட்டியிருந்தாய். பின்னால் திரும்பிப் போய் ஓரிகனிலேயே துணை தேடிக்கொண்டு 2014இல் குட்டிகளுக்கு அப்பாவும் ஆனது என்று தெரிந்த அன்றைக்கு அந்த வரைபடத்தின் மேல் ஒரு நட்சத்திரம் வரைந்தாய். அத்தனை தூரம் போயும் அது ஓநாயாகத்தானே போனது? அந்தப் பெண்ணும் அப்படிக் கிளம்பியிருக்கலாம். சாம்பலானிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, கறுப்பனோடோ தனியாகவோ, நாலு காலில். அம்மா படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். அழுதிருப்பாள். ஆனால் போ என்றுதான் சொல்லியிருப்பாள்.

உன் பெட்டியைக் கட்டிய அன்று நான் சொன்ன மாதிரி.

அந்த வரைபடம் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. ஒரு மூலை சுருண்டிருந்தது, நேற்று புது டேப் போட்டு ஒட்டினேன்.

நாலு பாகத்தையும் யாருக்காவது கொடுத்துவிடப் போவதாகச் சொன்னாய். அவசரப்படாதே. மூன்று பாகம் நமக்குச் செய்த நல்லதை நாலாவது வந்து அழித்துவிட முடியாது. மழைக்கு ஒதுங்கிய மரக்கிடங்கும், விரிப்பில் பதிந்த சேறும் அந்தந்தப் பக்கத்தில் அப்படியே இருக்கின்றன. லீவுக்கு வரும்போது மூன்றாம் பாகத்தைக் கொண்டு வா. முடிவை மறுபடி சத்தமாகப் படிப்போம், நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

கடைசிப் பாகத்தை இந்தக் கடிதத்தோடேயே திருப்பி அனுப்புகிறேன். நீ கோடு போடாத நாற்பது பக்கத்தில் நானும் புள்ளி வைக்கவில்லை. ஆனால் பின்னால் ஒரு வெற்றுத்தாள் இருக்கிறதே, அதில் பென்சிலால் ஒரு காட்சி எழுதியிருக்கிறேன். பின்வாசல் படி, விடிகாலை, போர்வை. பதினோரு வரிதான். சாம்பலானை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, அவனுக்குப் பாதித்தாளை விட்டு வைத்திருக்கிறேன், அதை நீ எழுது. நான் எழுதியது பிடிக்கவில்லை என்றால் அழித்துவிடு. ரப்பரும் உள்ளே இருக்கிறது.

அன்புடன்,
அம்மா